தக்காளியின் அடி இலையில் பழுப்பு வளையப் புள்ளிகள்: இலைக்கருகலை எப்படி அடையாளம் காண்பது, எப்படி அடக்குவது

செடி நன்றாக வளர்ந்து காய் பிடித்திருக்கிறது. திடீரென்று அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன, இலை மஞ்சளாகிக் காய்கிறது, அடுத்த வாரம் அதற்கு மேலே இருக்கும் இலைகளுக்கும் ஏறுகிறது. என்ன மருந்து அடிக்கலாம் என்பது கேள்வி.

மருந்துக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் வந்திருப்பது எந்த நோய் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இதே வர்ணனைக்குப் பொருந்தும் நோய்கள் நாலைந்து இருக்கின்றன. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் முன்பருவ இலைக்கருகலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வருவது. தக்காளி வளரும் இடமெல்லாம் இதுவும் உண்டு. புள்ளி விழுந்த இலை ஒன்றைப் பறித்து நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலைக்கருகல் என்றால் புள்ளிக்குள்ளே, வெட்டிய மரத்தில் தெரிவது போல, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் இருக்கும். புள்ளி சிறியதாக இருக்கும்போது இது தெரியாது. அரை சென்டிமீட்டரைத் தாண்டிய புள்ளிகளில் தேடுங்கள். வளர்ந்த புள்ளி ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் போகும். பெரிய நரம்பில் முட்டும் இடத்தில் அதன் விளிம்பு வட்டமாக இல்லாமல் நேராக நிற்கும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் பரவியிருக்கும். பூஞ்சை சுரக்கும் நஞ்சு அது வளர்ந்த இடத்தையும் தாண்டிப் பரவுவதால் வரும் மஞ்சள் அது. அதனால்தான் நாலைந்து புள்ளி மட்டுமே உள்ள இலைகூட முழுவதும் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது.

இலையோடு நிறுத்தாமல் தண்டையும் காயையும் பாருங்கள். தண்டில் நீள்வட்டமான கருமையான தழும்புகள் இருக்கலாம், அவற்றிலும் வளையம் தெரியும். காயில் வந்தால் பெரும்பாலும் காம்புப் பக்கம்தான் வரும். அங்கே தோல் கறுத்து, உள்வாங்கி, பதப்படுத்திய தோல் மாதிரி ஆகிவிடும். நாற்றுகளில் மண்மட்டத்துக்குப் பக்கத்தில் தண்டு கறுத்துச் சுருங்கினால் அதற்கும் இதே பூஞ்சை காரணமாக இருக்கலாம்.

இனி, இதோடு குழப்பிக்கொள்ளும் நோய்கள்.

செப்டோரியா இலைப்புள்ளியும் அடி இலையில்தான் ஆரம்பிக்கும். ஆனால் புள்ளிகள் சின்னவை, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், எண்ணிக்கையில் மிக அதிகம். நடுப்பகுதி சாம்பல் நிறம், ஓரம் கருமை. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் சாம்பல் நடுவில் மிளகுப்பொடி அளவுக்குக் கறுப்புப் பொட்டுகள் தெரியும். அவைதான் பூஞ்சையின் வித்துப் பைகள் (வித்து என்பது பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய துகள்). வளையம் இருக்காது, காயில் பெரும்பாலும் வராது. இதற்கான பராமரிப்பும் மருந்தும் ஏறக்குறைய இலைக்கருகலுக்கு உள்ளவைதான் என்பதால் இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

நஷ்டம் வருவது பின்பருவ இலைக்கருகலை அடையாளம் காணத் தவறும்போது. பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்ற உயிரியால் வருவது இது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்துக்குக் காரணமானதும் இதே உயிரிதான். உண்மையில் இது பூஞ்சை இனமே இல்லை, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உறவு. அதனால் பூஞ்சைக்கென்று உள்ள பல ஊடுருவும் மருந்துகள் இதன்மேல் வேலை செய்யாது. குளிர்ந்த, ஈரமான வானிலையில் வரும். புள்ளிக்குத் திட்டமான வடிவம் இருக்காது. எண்ணெய் பட்டது போலச் சாம்பல் பச்சையாக ஆரம்பித்துப் பழுப்பாகும். செடியின் எந்த உயரத்திலும், இளம் இலையிலும் வரும். ஈரமான காலையில் இலையைத் திருப்பினால் புள்ளியின் ஓரத்தில் வெண்மையான மெல்லிய பூஞ்சணம் தெரியும். முன்பருவக் கருகல் வாரக்கணக்கில் ஏறும் என்றால் இது சில நாளிலேயே தோட்டத்தை முடித்துவிடும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். நன்றாகத் தாக்கப்பட்ட செடிகளை வேரோடு எடுத்து மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். மீதிச் செடிகளுக்கு மெட்டலாக்சில், சைமாக்சனில், டைமெத்தோமார்ப் போன்ற, இந்த உயிரிக்கென்றே உள்ள மருந்துகள்தான் தேவை. இவற்றை மான்கோசெப்புடன் கலந்து விற்பதும் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலையின் மேலே மங்கலான மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே ஆலிவ் நிற வெல்வெட் போன்ற படலம் என்றால் அது இலைப்பூஞ்சணம், காற்றோட்டம் இல்லாத பசுமைக்குடிலில் அதிகம் வரும். மாவு தூவியது போல வெள்ளை இருந்தால் சாம்பல் நோய். இதற்கு இலை நனைந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் கருமையான, பிசுபிசுப்பாகத் தோன்றும் புள்ளிகள் இலையிலும் காயிலும் இருந்து, வளையமும் சாம்பல் நடுவும் இல்லையென்றால் அது பாக்டீரியா இலைப்புள்ளியாக இருக்கலாம். அதற்குச் செம்பு மருந்து ஓரளவு உதவும், மற்ற பூஞ்சைக்கொல்லிகள் வீண். புள்ளியே இல்லாமல் அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது நோயே இல்லை, மக்னீசியம் குறைவாக இருக்கலாம்.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? புள்ளியுள்ள இலை ஒன்றை, நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, வெயில் படாத இடத்தில் ஒரு இரவு வையுங்கள். காலையில் புள்ளியின் ஓரத்தில் வெள்ளை வளர்ச்சி என்றால் பின்பருவக் கருகல். புள்ளியின்மேல் கருமையாக மென்மயிர் போல வந்திருந்தால் ஆல்டர்னேரியா. ஒரு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் இன்னொரு நாள் விட்டுப் பாருங்கள். ஆய்வகச் சோதனைக்கு ஈடில்லைதான், ஆனால் எந்த மருந்துப் பக்கம் போவது என்று தீர்மானிக்க இது போதும்.

சரி, முன்பருவக் கருகல்தான் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பூஞ்சை பிழைக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டிய வேலைகள் தானாகவே விளங்கும். போன பருவத்துச் செடிக் கழிவிலும், மண்ணிலும், சில சமயம் விதையிலும் இது தங்கியிருக்கும். தானாக முளைத்த தக்காளியிலும், மணத்தக்காளி போன்ற அதே குடும்பக் களைகளிலும் உயிரோடு இருக்கும். மழைத்துளியோ குழாய்த் தண்ணீரோ மண்ணில் விழுந்து தெறிக்கும்போது வித்துகள் அடி இலைக்கு ஏறும். அங்கிருந்து காற்றிலும் தெறிப்பிலும் மேலே போகும். இலைமேல் தண்ணீர்ப் படலம் சில மணி நேரம் நின்றால்தான் வித்து முளைத்து உள்ளே நுழைய முடியும். 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு மிகவும் ஒத்துப்போகும்.

மழையே இல்லையே, எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். மழை வேண்டியதில்லை. இரவெல்லாம் பனியில் இலை நனைவது, பகலில் காய்வது, மறுபடி இரவில் நனைவது என்று மாறி மாறி வருவது இந்தப் பூஞ்சை வித்து உண்டாக்கத் தோதான சூழல். பனி போதாதென்று சாயங்காலத்தில் செடியின் தலையோடு தண்ணீர் ஊற்றினால் இலை விடியும்வரை காயாது.

இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கிறது என்பதை வைத்தே இந்த நோயைக் கணிக்கிறார்கள். 1978-இல் ஃபாஸ்ட் என்ற கணிப்பு முறையை அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், பிறகு அதை எளிமையாக்கி டாம்காஸ்ட் வந்தது. டாம்காஸ்டில் ஒவ்வொரு நாளுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 21 முதல் 25 டிகிரி வெப்பத்தில் இலை இரண்டு மணி நேரம் மட்டும் நனைந்திருந்தால் மதிப்பெண் 0. மூன்று மணி நேரம் ஆனால் 1. ஆறு மணி நேரத்தைத் தொட்டால் 2. இப்படிக் கூட்டிக்கொண்டே போய், மொத்தம் 15 அல்லது 20 ஆனதும் மருந்து தெளிக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் இந்தக் கணக்கு வேண்டாம். ஆனால் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வையுங்கள். இலை சீக்கிரம் காயும்படி நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு மருந்துத் தெளிப்புக்குச் சமம்.

காய் பிடித்த பிறகு ஏன் வேகமாகப் பரவுகிறது? இந்த நோய்க்கு எளிதில் இடம் கொடுப்பவை வயதான இலைகள். காய்கள் பெருக்கும்போது செடி அடி இலையிலிருந்து தழைச்சத்தை உருவிக் காய்க்கு அனுப்புகிறது, அடி இலை மேலும் தளர்கிறது. பசியோடு இருக்கும் செடியில் கருகல் கடுமையாக இருக்கும். அதற்காக உரத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். இலை அடர்ந்து உள்ளே காற்றே போகாத நிலை வந்தால் அதுவும் நோய்க்குத்தான் சாதகம். காய்ப்புக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை. இலைகள் காய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, புள்ளி விழுந்த அடி இலைகளைக் கத்தரித்து எடுங்கள். ஈரத்தில் தொட்டால் உங்கள் கையே வித்தை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். தரையிலிருந்து ஓர் அடி உயரம்வரை, செடி போதிய அளவு வளர்ந்திருந்தால், புள்ளி இல்லாத இலைகளையும் எடுத்துவிடலாம். ஆனால் ஒரே தடவையில் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நிழல் போய்விட்டால் காயில் வெயில் நேராக அடித்து வெளுத்த திட்டுகள் விழும். வெட்டியதை வரிசைக்கு நடுவே போடாமல் பையில் சேர்த்து வெளியே கொண்டுபோங்கள். உங்கள் உரக்குழி நன்றாகச் சூடேறும் குழி என்றால் அதில் போடலாம். சும்மா குவித்து வைக்கும் குவியல் என்றால் வேண்டாம். கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் மூடாக்கு போடுங்கள். உதிர்ந்த பழைய இலைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வைக்கோலோ காய்ந்த புல்லோ ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் மண் தெறிப்பது நின்றுவிடும். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். தண்ணீரை வேருக்கு மட்டும், காலையில் ஊற்றுங்கள். சொட்டுநீர் இருந்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தீரும். படர்ந்து கிடக்கும் செடிக்குக் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். தொடர்ந்து வளரும் ரகம் என்றால் கீழ்ப் பக்கக்கிளைகளைக் கிள்ளி எடுங்கள். புதர் ரகத்தில் அப்படிக் கிள்ளினால் காய் குறையும் என்பதால் அடிப்பகுதியைத் தாண்டிக் கைவைக்க வேண்டாம்.

புள்ளி விழுந்த இலையை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. தெளிப்பதெல்லாம் இன்னும் நோய் வராத மேல் இலைகளுக்காக. இன்னொன்று, வித்து நுழைந்து புள்ளி கண்ணில் படுவதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இன்று தெளித்து மூன்றாம் நாளில் புதுப் புள்ளி வந்தால் அது போன வாரமே உள்ளே நுழைந்தது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்து, தெளிப்புக்குப் பிறகு விரிந்த இலைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு செடியில் எந்த இலைவரை நோய் ஏறியிருக்கிறது என்று இன்றைக்கு ஒரு நூல் கட்டி வைத்தால், பத்து நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க எளிது.

மருந்துகளில் முதல் வகை இலையின் மேற்பரப்பில் நின்று காப்பவை: மான்கோசெப் 75 சதவீதத் தூள் என்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம், செம்பு ஆக்சிகுளோரைடு என்றால் 2.5 முதல் 3 கிராம், குளோரோதலோனில் என்றால் 2 கிராம். படாத இடத்துக்குப் பாதுகாப்பு இல்லை, எனவே இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். 7 முதல் 10 நாள் இடைவெளி, பலத்த மழை பெய்து கழுவிவிட்டால் அதற்கு முன்பே. இரண்டாவது வகை இலைக்குள் ஊடுருவுபவை: அசாக்சிஸ்ட்ரோபின் 23 சதவீதத் திரவம் லிட்டருக்கு 1 மில்லி, டைஃபெனோகோனசோல் 25 சதவீதத் திரவம் லிட்டருக்கு அரை மில்லி. இவை வேகமாகக் கட்டுப்படுத்தும். அதனாலேயே இதையே திரும்பத் திரும்ப அடிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது, பூஞ்சையும் பழகிவிடுகிறது. அசாக்சிஸ்ட்ரோபின் இருக்கும் குழுவுக்கு ஆல்டர்னேரியா எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்டது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளை ஒரு குழுவாகச் சேர்த்து, பல லேபிள்களில் குழு எண் போட்டிருப்பார்கள். அசாக்சிஸ்ட்ரோபினுக்கு 11, டைஃபெனோகோனசோலுக்கு 3, மான்கோசெப் போன்றவற்றுக்கு எம் என்று தொடங்கும். 11-ஐ ஒரு முறை அடித்தால் அடுத்த முறை எம் அல்லது 3. வெறும் பிராண்டை மாற்றிப் பயனில்லை, குழு மாற வேண்டும்.

நான் கொடுத்த அளவுகள் வழக்கமானவை. உங்கள் கையில் இருக்கும் லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிள் சொல்வதுதான் சரி. அனுமதியும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் குளோரோதலோனிலுக்கும், 2020-இல் மான்கோசெப்புக்கும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. உங்கள் நாட்டில் தக்காளிக்கு அனுமதி உண்டா, தெளித்த எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற இரண்டையும் பார்க்காமல் போத்தலைத் திறக்க வேண்டாம். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். காற்று அடிக்கும்போது வேண்டாம். உச்சி வெயிலிலும் வேண்டாம். காலையில் பனி காய்ந்த பிறகோ, இருட்டுவதற்குள் இலை காயும்படி பிற்பகல் முடிவிலோ தெளியுங்கள்.

ரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்கு என் பதில்: முடியும், ஆனால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம். நட்ட பிறகு, புள்ளி வருவதற்கு முன்பிருந்தே, சூடோமோனாஸ் புளோரசன்ஸ் தூளை லிட்டருக்கு 5 கிராம் கரைத்தோ, பேசில்லஸ் சப்டிலிஸோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இவை உயிருள்ள நுண்ணுயிர்கள், செம்பு மருந்தோடு கலந்தால் செத்துவிடும். பல நாடுகளில் இயற்கை வேளாண்மையிலும் செம்புக்கு இடம் உண்டு. 1885-இல் பிரான்ஸில் மில்லார்டே திராட்சை நோய்க்காக வெளியிட்ட போர்டோ கலவை இன்றும் பயன்படுகிறது. ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. கலவையில் ஒரு பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால் பருவம் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பால், சமையல் சோடா, வேப்பெண்ணெய் ஆகியவை சாம்பல் நோய்க்கு ஓரளவு உதவும். இலைக்கருகலுக்கு இவற்றை நம்பி ஒரு வாரத்தைக் கழித்தால் அந்த வாரத்தில் நோய் இரண்டு இலை மேலே ஏறியிருக்கும்.

தெளிக்க வேண்டாம் என்று நான் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. காய்கள் முற்றி, இன்னும் மூன்று நான்கு வாரத்தில் செடியின் காலமே முடியப்போகிறது என்றால் அடி இலைகளை எடுத்துவிட்டு விடுங்கள். முற்றிய பச்சைக் காயைப் பறித்து உள்ளே வைத்தாலும் பழுக்கும். மாறாக, இப்போதுதான் பூக்கும் செடியில் பாதி உயரம்வரை புள்ளி என்றால் தாமதிக்கவே கூடாது.

பருவம் முடிந்ததும் செடிகளை வேரோடு எடுத்து அகற்றுங்கள். அந்த இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். பயறு, வெண்டை, வெங்காயம், கீரை என்று மாற்றுங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள் மண்ணை மாற்றி, தொட்டியையும் குச்சிகளையும் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். நோய்ப்பட்ட செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டிய அரிய ரகம் என்றால், விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் வைத்து ஆறவைத்து உலர்த்துங்கள். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம், சில டிகிரி கூடினாலே முளைப்புத் திறன் போய்விடும். எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களும் உண்டு, அர்க்கா ரக்ஷக், அயர்ன் லேடி போன்றவை. அவற்றிலும் புள்ளி வரும், ஆனால் மெதுவாக, தாமதமாக வரும்.

கடைசியாக, இந்தச் செடியின் காய்களைச் சாப்பிடலாமா என்ற சந்தேகம். இலையில் மட்டும் நோய் இருந்து காய் சுத்தமாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். மருந்து அடித்திருந்தால் லேபிள் சொல்லும் காத்திருப்பு நாள்கள் முடிந்த பிறகு, நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள். காம்புப் பக்கம் கறுத்து உள்வாங்கிய காயை மட்டும் அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சமைக்க வேண்டாம். ஆல்டர்னேரியா சுரக்கும் நச்சுப் பொருள்கள் கறுத்த பகுதியைத் தாண்டியும் சதைக்குள் பரவியிருக்கலாம், அவற்றில் சில சமைத்தாலும் போவதில்லை.